பழைய டிவிடி டெக், புது எல்இடி டிவி: எந்த ஒயரில் இணைப்பது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல வீட்டு பீரோக்களில் இன்னும் ஒரு கட்டு டிஸ்க் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு புகுந்தது, பள்ளி ஆண்டு விழா, திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்தை விடிய விடிய எடுத்த விசிடி. டெக்கும் ஓடுகிறது. மாறியது டிவி மட்டும்தான். மூன்று வண்ணப் பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு புது டிவியின் பின்னால் தடவினால் செருக இடம் இல்லை. கடையில் கேட்டால் சிக்னலை மாற்றித் தரும் கன்வர்ட்டரை எடுத்து வைப்பார்கள், இல்லையென்றால் புது பிளேயரே வாங்கச் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டுமே வேண்டாம்.

எதை வாங்குவது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: டிவியில் என்ன துளை இருக்கிறது, டெக்கில் என்ன துளை இருக்கிறது, டிஸ்க்கில் என்ன இருக்கிறது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எவ்வளவு செலவு செய்யலாம் என்று சொல்வதே அதுதான்.

டிஸ்க்கில் இல்லாததை ஒயர் தராது

விசிடியில் பதிவாகும் படம் 352×288 புள்ளிகள். நம் ஊர் டிவி முறையான ‘பால்’ (PAL) முறையில் பதிந்த டிவிடி 720×576. புளூ-ரே 1920×1080. கூத்து விசிடியைப் படமும் சத்தமும் ஒன்றாகப் போகும் எச்டிஎம்ஐ ஒயரில் போட்டாலும், பழைய மஞ்சள் பின்னில் போட்டாலும், 43 இன்ச் திரையில் கட்டியங்காரன் முகம் ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரியும். வீட்டில் இருப்பது முழுக்க விசிடி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் உள்ள நூறு ரூபாய் ஏவி ஒயருக்கு மேல் ஒரு பைசா செலவு செய்ய வேண்டியதில்லை.

டிவிடி என்றால் கதை வேறு. கல்யாண டிவிடியை மஞ்சள் பின் வழியாகப் பார்க்கும்போது பட்டுச்சேலையைக் கவனியுங்கள். பொடிக்கட்டம், நெருக்கமான சரிகைக் கோடு இருக்கும் இடத்தில் சேலையில் இல்லாத நீலமும் ஆரஞ்சும் மினுமினுக்கும். ஆள் நகர்ந்தால் அந்த நிறமும் ஓடும். கோடு போட்ட சட்டையிலும் இதே கூத்துதான். பெயர் போடும் சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நெளியும். காரணம், மஞ்சள் பின்னில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்கும்போது நெருக்கமான கோட்டை நிறம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. இது டிஸ்க்கின் குறை கிடையாது. கம்போனென்ட்டுக்கோ (படத்துக்கு மட்டும் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளை) எச்டிஎம்ஐக்கோ மாறினால் அடியோடு போய்விடும். 24 இன்ச் டிவியில் இதைப் பெரிதாக யாரும் பார்க்க மாட்டார்கள். 40 இன்ச்சுக்கு மேல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

டெக்கில் எச்டிஎம்ஐ இருந்தால்

அதையே போடுங்கள், வேறு யோசனை வேண்டாம். படம், சத்தம் இரண்டும் ஒரே ஒயரில் போகும். டிவியில் இரண்டு மூன்று எச்டிஎம்ஐ துளை இருந்தால் எதில் வேண்டுமானாலும் செருகலாம். ‘ஏஆர்சி’ என்று எழுதிய துளையை மட்டும் பின்னாளில் சவுண்ட்பார் வாங்கினால் தேவைப்படும் என்று விட்டு வையுங்கள்.

ஒயர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். டிவிடி டெக் அதிகபட்சம் 1080பி வரைதான் அனுப்பும். தங்க முலாம், ‘8கே’ என்று அச்சடித்த ஒயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். சாதாரண ஒயரே போதும். நீளத்தைத்தான் பார்த்து வாங்க வேண்டும். டிவி சுவரில், டெக் கீழே மேசையில் என்றால் ஒன்றரை மீட்டர் ஒயர் விறைத்து நிற்கும். அந்த இழுப்பு முழுவதும் டிவியின் துளையில் விழுந்து, நாளடைவில் உள்ளே சால்டர் விட்டுப் படம் வந்து வந்து போகும். 3 மீட்டர் வாங்கித் தொய்வாக விட்டு, சுவரில் ஒரு கிளிப் அடித்து விடுங்கள்.

செருகியும் திரை கறுப்பாக இருந்தால் ஒயரைக் குறை சொல்வதற்கு முன் டெக்கின் ரிமோட்டை எடுங்கள். பல டெக்குகளில் எந்த வழியாகப் படத்தை அனுப்புவது என்று ஒரு செட்டிங் உண்டு. ரிமோட்டில் ‘வி-மோட்’ அல்லது ‘வீடியோ’ என்ற பட்டன் இருக்கும். டிஸ்க் போடாமல் அதை ஒவ்வொரு முறையாக அழுத்தி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்து விநாடி பொறுங்கள். நடுவில் எங்காவது படம் வந்துவிடும். வந்த பிறகு செட்டப் மெனுவில் ரெசல்யூஷனை 576பி, 720பி, 1080பி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கும் வேலையை டெக் செய்கிறதா, டிவி செய்கிறதா என்பதுதான் இதில் மாறுவது. விலை மலிவான டெக்கோடு நல்ல டிவி சேரும்போது 576பியில் விட்டு, டிவியையே பெரிதாக்க விடுவது பல நேரம் சுத்தமாக இருக்கும். கல்யாண வீடியோவில் ஆள் வேகமாக நடக்கும்போது உடம்பின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் இந்த செட்டிங்கை மாற்றினால் குறையும்.

படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் ஆடியோ செட்டிங்கில் ‘ரா’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருக்கும். டால்பி, டிடிஎஸ் சத்தத்தை டெக் பிரிக்காமல் அப்படியே அனுப்புகிறது, டிவிக்கு அது புரியவில்லை. ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள்.

எச்டிஎம்ஐ இல்லாத டெக்: முதலில் டிவி அட்டைப்பெட்டியைத் தேடுங்கள்

நம் வீடுகளில் இருக்கும் டெக்குகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான், அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

புது டிவிகள் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளை வைப்பதை நிறுத்திவிட்டு, இயர்போன் துளை மாதிரி 3.5 மில்லிமீட்டரில் ஒரே ஒரு சின்னத் துளை வைத்து, அதன் அருகில் ‘ஏவி இன்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதில் மாட்டும் சின்ன அடாப்டர் ஒயர் பல கம்பெனிகளில் டிவியோடே வரும். ஒரு முனையில் கறுப்புப் பின், மறுமுனையில் மூன்று வண்ணப் பெண் துளைகள். டிவியைச் சுவரில் மாட்ட வந்தவர் அதைத் தெர்மாகோலோடு பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். பரண் மேல் பெட்டி இருந்தால் அங்கே பாருங்கள். கிடைத்துவிட்டால் செலவு முடிந்தது: அதில் பழைய ஏவி ஒயரைச் செருகி, டிவியில் சோர்ஸ் பட்டனை அழுத்தி ‘ஏவி’ தேர்ந்தால் படம் வந்துவிடும்.

கிடைக்கவில்லை, வெளியில் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கறுப்புப் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் இருக்கிறது என்பது. மூன்று வளையம் இருந்தால் நான்கு தொடுபகுதி, அதுதான் ஏவி. இரண்டு வளையம் என்றால் வெறும் ஸ்டீரியோ சத்தத்துக்கான ஒயர், அதில் படம் போகவே போகாது. செல்போன் கடைகளில் பெரும்பாலும் தொங்குவது இந்த இரண்டாவது வகைதான்.

இரண்டாவது விஷயம்தான் பலரை அலைய வைக்கிறது. மூன்று வளையப் பின்னிலும் எந்தத் தொடுபகுதியில் படம், எதில் சத்தம், எதில் எர்த் என்பதை எல்லாக் கம்பெனியும் ஒரே வரிசையில் வைப்பதில்லை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஒயரில் ஒன்று வேலை செய்யும், மற்றது செய்யாது. மாட்டிப் பார்த்து இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

படமே இல்லை, ஆனால் ஸ்பீக்கரில் ‘பர்ர்’ என்று தொடர்ந்து ஓர் இரைச்சல் வருகிறது என்றால் படத்தின் சிக்னல் சத்தத்தின் பாதையில் போகிறது. டெக் பக்கம் மஞ்சள் துளையில் மஞ்சள் பின்னை எடுத்துவிட்டுச் சிவப்பை செருகுங்கள், வரவில்லையென்றால் வெள்ளையை. ஏதாவது ஒன்றில் படம் வரும். மீதி இரண்டையும் சத்தத் துளைகளில் போட்டால் வேலை முடிந்தது. பின்னின் நிறம் வெறும் அடையாளம்தான், உள்ளே மூன்றும் ஒரே மாதிரி ஒயர்.

எப்படி மாற்றினாலும் படம் உருண்டுகொண்டோ, கறுப்பு வெள்ளையில் கிழிந்தோ, இரைச்சலோடோ வருகிறது என்றால் எர்த் இடம் மாறியிருக்கிறது. இதை டெக் பக்கம் மாற்றிப் போட்டுச் சரிசெய்ய முடியாது, வேறு ஒயர்தான் வாங்க வேண்டும். டிவி மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம்: மூன்று வண்ணப் பின்களின் வெளி உலோக வளையமும் எர்த். அது கறுப்புப் பின்னின் எந்தப் பகுதியோடு பீப் அடிக்கிறது என்று பார்த்து, டிவி கையேட்டுப் படத்தோடு ஒப்பிடலாம்.

இதே அளவில் ஹெட்போன் துளையும் பக்கத்திலேயே இருக்கும். அதில் தவறிச் செருகினால் டிவியின் சொந்த சத்தமும் நின்றுபோகும். ‘ஒயர் மாட்டினதும் டிவி ஊமையாகிவிட்டது’ என்று சர்வீஸுக்குப் போன் போடுவதற்கு முன் அதை உருவிப் பாருங்கள்.

மூன்று துளைக்குப் பதில் ஐந்து துளை இருக்கும் டிவிகளும் உண்டு: பச்சை, நீலம், சிவப்பு, பிறகு வெள்ளை, சிவப்பு. மஞ்சளையே காணோம் என்று தேடாதீர்கள். பச்சைத் துளையின் ஓரத்தில் மஞ்சள் வட்டமோ ‘வீடியோ’ என்ற எழுத்தோ இருந்தால் மஞ்சள் பின் அங்கேதான் போகும். செருகியபின் சோர்ஸில் ‘கம்போனென்ட்’ தேர்ந்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், ‘ஏவி’ தேர்ந்தால் நிறம் வந்துவிடும்.

நிறம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்து வந்த பல சினிமா டிவிடிகள் அமெரிக்கா போன்ற நாடுகளின் டிவி முறையான என்டிஎஸ்சியில் இருக்கும். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டி போன்ற பழைய படக்குழாய் டிவியில் இவை கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டபடியோ ஓடினால், டெக் செட்டப்பில் ‘டிவி டைப்’ என்பதை ‘பால்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புது எல்இடி டிவிக்கு ‘ஆட்டோ’வோ ‘மல்டி’யோ நல்லது.

யாரும் சொல்லாத நல்ல வழி: கம்போனென்ட்

டெக்கின் பின்னாலும் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று படத் துளை இருந்து, டிவியிலும் அதே மூன்று இருந்தால் கன்வர்ட்டர் பக்கமே போக வேண்டாம். வெளிச்சம் ஒரு கம்பியிலும் நிறம் இரண்டு கம்பியிலும் தனித்தனியாகப் போவதால் பட்டுச்சேலை மினுமினுப்பு இருக்காது. டிவிடிக்கு எச்டிஎம்ஐக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தனியாகக் கம்போனென்ட் ஒயர் தேட வேண்டியதும் இல்லை. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு இரண்டு சாதாரண ஏவி ஒயர் போதும். ஒன்றின் மூன்று பின்னும் படத்துக்கு, மற்றதில் வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. எந்தப் பின் எந்தத் துளை என்பதை இரு பக்கமும் ஒன்றாக வைத்தால் சரி. நீலமும் சிவப்பும் இடம் மாறினால் முகமெல்லாம் நீலம் பூத்துவிடும், மாற்றிப் போட்டால் போச்சு. டெக்கில் ‘ஒய்யூவி’ அல்லது ‘பி-ஸ்கேன்’ தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பி-ஸ்கேன்’ வைத்துவிட்டு மறுபடி மஞ்சள் பின்னுக்குத் திரும்பினால் படம் வராது என்பதை நினைவில் வையுங்கள். டெக் செத்துவிட்டது என்று குப்பையில் போனவற்றில் இப்படிப்பட்டவையும் உண்டு. வி-மோட் பட்டனே இதற்கும் மருந்து.

கன்வர்ட்டர் எப்போது?

டிவியில் ஏவி துளை எந்த வடிவிலும் இல்லை, டெக்கில் எச்டிஎம்ஐ இல்லை. இந்த ஒரு நிலைமையில் மட்டும்தான். வாங்கும்போது பெட்டியில் ‘ஏவி 2 எச்டிஎம்ஐ’ என்று இருக்க வேண்டும். ‘எச்டிஎம்ஐ 2 ஏவி’ என்பது எதிர்த்திசை, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயரைப் பழைய படக்குழாய் டிவியில் போட உதவுவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மாதிரி துளை. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. கடைக்காரர் கையிலேயே மாறிப்போவது வழக்கம்.

இதற்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். டிவியின் யூஎஸ்பியில் எடுத்தால் டிவி அணையும்போது அதுவும் அணைந்துவிடும், அது வசதிதான். படம் விட்டு விட்டு வந்தால் மட்டும் செல்போன் சார்ஜரில் போடுங்கள்.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மலிவான கன்வர்ட்டர்கள் எது வந்தாலும் விநாடிக்கு 60 முறை என்ற கணக்கில்தான் வெளியே அனுப்பும். நம் டிஸ்க் 50 கணக்கில் இருப்பதால் கேமரா பந்தலை இடமிருந்து வலமாகச் சுற்றிக் காட்டும்போது படம் தட்டித் தட்டி நகரும். 4:3 படத்தை இழுத்து அகலத் திரைக்குப் பரப்பிவிடும், மணப்பெண் பருத்துத் தெரிவார். டிவியில் ‘4:3’ தேர்ந்து அதைச் சரிசெய்யலாம், முதல் குறையைச் சரிசெய்ய முடியாது. மஞ்சள் பின்னில் வந்த மினுமினுப்பும் இதில் அப்படியே இருக்கும், ஏனென்றால் உள்ளே வருவது அதே கலந்த சிக்னல்தான். டிவியில் நேரடி ஏவி இருக்கும்போது ‘எச்டி ஆகிவிடும்’ என்று நம்பிக் கன்வர்ட்டர் வாங்குவது பணத்தைக் கொடுத்துப் படத்தைக் கெடுத்துக்கொள்வது.

ஏவி துளையைக் கேபிள் பாக்ஸ் பிடித்துக்கொண்டால்

அரசு கேபிளோ தனியார் கேபிளோ, செட்டாப் பாக்ஸைப் பலர் இன்னும் ஏவி ஒயரில்தான் மாட்டியிருக்கிறார்கள். டிவியில் ஏவி ஒன்றே ஒன்று. பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் பாக்ஸை எச்டிஎம்ஐக்கு மாற்றி, ஏவியை டெக்குக்கு விடுங்கள். இரண்டுக்கும் லாபம். பாக்ஸில் எச்டிஎம்ஐ இல்லையென்றால் மூன்று வழி ஏவி செலக்டர் ஒன்று வாங்கலாம். பட்டனை அழுத்தி மாற்றும் சாதாரணப் பெட்டி, கரண்ட் வேண்டாம். ‘ஒய்’ மாதிரிப் பிரியும் ஒயரில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டு சிக்னலும் ஒன்றோடொன்று மோதி, ஒன்றை அணைத்தாலும் மற்றது பாதி வெளிச்சத்தில்தான் வரும்.

சத்தம் ஆம்ப்ளிஃபயர் வழியாக என்றால்

5.1 செட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை: பாட்டு நன்றாகக் கேட்கிறது, வசனம் கேட்கவில்லை. டெக்கில் ஆறு சத்தத் துளை இருக்க, முன்பக்கம் இரண்டை மட்டும் மாட்டி, செட்டிங்கில் 5.1 வைத்திருப்பார்கள். வசனம் போவது சென்டர் துளையில், அதில் ஒயரே இல்லை. ‘டவுன்மிக்ஸ்’ என்பதை ‘ஸ்டீரியோ’ என்று மாற்றினால் வசனம் வந்துவிடும். டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கும் இதே மருந்துதான். தனியாக ‘கோஆக்சியல்’ என்று எழுதிய ஒற்றைத் துளையைச் சாதாரண ஆடியோ துளையில் மாட்டாதீர்கள். அது டிஜிட்டல், இரைச்சல்தான் வரும்.

செருகும் முன் சுவிட்சை அணையுங்கள்

டெக், பாக்ஸ், டிவி மூன்றிலும் பெரும்பாலும் இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. அதனால் அவற்றின் உலோகப் பகுதியில் மெல்லிய கசிவு மின்சாரம் நிற்கும், பின்னைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருப்பது அதுதான். கேபிள்காரரின் வெள்ளை ஒயரோ வெளியில் எங்கெங்கோ எர்த் ஆகி வருகிறது. இரண்டும் சேரும் நொடியில் பொறி தட்டும். வண்ணப் பின்னில் நடுக்கம்பி முதலில் தொடும், எர்த் வளையம் பிறகுதான் தொடும் என்பதால் அந்த வேறுபாடு முழுவதும் சிக்னல் பாதை வழியாகவே பாயும். ‘டப்’ என்ற சத்தத்தோடு துளை செத்துப்போவது இப்படித்தான். எச்டிஎம்ஐ சிப் இன்னும் மென்மையானது. ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஜங்ஷன் பாக்ஸின் சுவிட்சை அணைத்து, கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டு, பிறகு மாட்டுங்கள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் சித்திரை, வைகாசி இடிமழை நேரத்தில் கேபிள் ஒயரையும் பிளக்கையும் உருவி வைப்பது டிவிக்குப் போடும் எந்த ஸ்டெபிலைசரையும் விட நல்லது.

டெக்கே வேண்டாம் என்றால்: பென்டிரைவ்

வீட்டில் எடுத்த வீடியோக்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். வீட்டில் பதிந்த டிவிடியில் பதிவைத் தாங்கும் சாயம் மங்கினால் திரும்பக் கிடைக்காது, டெக்கின் லென்ஸும் எப்போதும் இருக்காது. டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டால் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டரில் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை வரும் ‘விஓபி’ ஃபைல்கள் இருக்கும். சில டிவிகள் இவற்றை அப்படியே ஓட்டும், சிலவற்றில் படம் வந்து சத்தம் வராது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றினால் பெரும்பாலான டிவிகளில் ஓடும். மாற்றும்போது ‘டீஇன்டர்லேஸ்’ தேர்வைப் போட்டுவிட்டால் சீப்புப் பல் ஓரங்களும் போய்விடும். விசிடியில் ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டரில் ‘டாட்’ ஃபைல்களாக இருக்கும், அவற்றையும் மாற்றித்தான் போட வேண்டும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது.

லேப்டாப்புக்கு வைக்கும் யூஎஸ்பி டிவிடி டிரைவை வாங்கி நேராக டிவியில் செருகிப் பார்க்க நினைப்பவர்கள் பலர். டிவியின் யூஎஸ்பி பென்டிரைவையும் ஹார்ட்டிஸ்க்கையும்தான் படிக்கும், டிஸ்க் டிரைவைப் படிக்காது. டெக்கின் முன்பக்க யூஎஸ்பியும் அதேபோலத்தான். அது பென்டிரைவிலிருந்து டெக்குக்குள் வாங்கும் வழி, அதிலிருந்து டிவிக்கு ஒயர் இழுத்தால் எதுவும் வராது.

டிஸ்க்கில் கீறல் விழுந்து பாதியில் நின்றால், நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்க்கோட்டில் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, வேகத்தைக் குறைத்துக் காப்பி எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஓடாதது சில நேரம் பழைய டெக்கில் ஓடும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்காகவாவது டெக்கையும் அதன் ரிமோட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். செட்டப் மெனுவுக்குள் போக ரிமோட் இல்லாமல் பல டெக்குகளில் வழியே கிடையாது.